எந்தப் பலகையில் தொங்கியது

பல் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வாயில் கறையைப் பார்த்தாலே சுரண்டத் துடிக்கிற மனிதர். அவரிடம் போய் ஒரு பழைய சுரங்கத்தின் எண் பொறித்த நானூற்றுச் சொச்சம் பித்தளை வில்லைகளைக் கொடுத்தால் விடுவாரா? நோயாளி வராத மத்தியான வேளைகளில் ஒவ்வொன்றாக எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பல் பிரஷ்ஷால் தேய்த்து, தங்கமோ என்று சந்தேகப்படும்படி ஆக்கினார். பிறகு நீலத் துணி ஒட்டிய கண்ணாடிச் சட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசை பிசகாமல் பதித்து வைத்தார். ஆறு மாத வேலை. கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பதிவு செய்கிற அந்தச் சின்னக் குழுவைத் தேடி யார் வந்தாலும் முதலில் காட்டுவது அந்தச் சட்டத்தைத்தான். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். டாக்டருக்கு அது பழகிய காட்சிதானே என்று சர்வேயர் கிண்டல் செய்வார்.

அந்த அழகு வரிசையில் ஓரிடம் மட்டும் காலி. முந்நூற்றுப் பதினெட்டு. விழுந்த முன்பல் மாதிரி அது டாக்டரை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வில்லை எக்ஸ்ரேயின் வீட்டில், அவளுடைய அம்மாவின் தையல் டப்பாவில், பொத்தான்களோடு பொத்தானாகக் கிடந்தது.

எக்ஸ்ரே என்பது குழு வைத்த பெயர். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். ஐம்பத்திரண்டு வயது. சர்வேயர் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவர், டாக்டர் இன்னும் பல் பிடுங்கிக்கொண்டிருப்பவர். இந்த மூன்று பேர்தான் குழு. இவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, எப்போதோ மூடிப்போன சுரங்கத்தின் கட்டடங்களுக்குள் நுழைந்து, ஆணி முதல் அடுப்பு வரை அளந்து, படம் எடுத்து, பதிவேட்டில் எழுதுவார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்வதுதான் தொண்டு என்பார் சர்வேயர். வெட்டி வேலை என்பாள் அவருடைய மனைவி. இரண்டுமே உண்மைதான்.

மற்ற இரண்டு பேரும் பழமை மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள். எக்ஸ்ரே அப்படி வரவில்லை. அவளுடைய அப்பா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு ஒன்பது வயதில், ஒரு காலை ஷிப்டில் உள்ளே தண்ணீர் புகுந்தது. செத்தவர்கள் ஏழு பேர் என்று கம்பெனி பெயர்ப் பட்டியல் ஒட்டியது. அதில் அப்பாவின் பெயர் இல்லை. அவர் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே மேலே வந்துவிட்டார், பிறகு தலைமறைவானார் என்று ஒரு கடிதம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். கூட ஒருத்தி இருந்தாள் என்று இன்னொருவன் சேர்த்தான். இறந்த ஏழு பேரின் மனைவிகளுக்கு ஊர் சேர்ந்து அழுதது. அவளுடைய அம்மாவுக்கு அழக்கூட ஆள் இல்லை. விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை, 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்ற பட்டம் மட்டும் மிச்சம்.

அம்மா ஒரு நாளும் அதை நம்பவில்லை. அப்பாவின் போட்டோவை நடுக்கூடத்தில், இறந்தவர்களின் படத்தை மாட்டுகிற உயரத்தில் மாட்டினாள். "உள்ள கெடக்குற மனுஷனை ஊர் சுத்துறான்னா, நாக்கு அழுகிடும்" என்று வாசலில் நின்று சத்தம் போடுவாள். மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள். அப்பா உள்ளேதான் கிடக்கிறார் என்பதற்கு ஒரு துண்டு அத்தாட்சி, அம்மா கண்ணை மூடுவதற்குள் ஒன்றே ஒன்று, அதற்காகத்தான் அவள் குழுவில் சேர்ந்தாள்.

சேர்ந்த முதல் நாளே அதிர்ஷ்டம் அடித்தது என்றுதான் நினைத்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால், சுரங்க வாசலை ஒட்டிய விளக்கு அறையின் பூட்டை அரசாங்கம் திறந்துவிட்ட நாள் அது. உள்ளே எதிர்ச் சுவர் முழுக்க, சுவரோடு சேர்த்துப் பதித்த இரண்டு பெரிய மரப்பலகைகள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் எண் போட்ட கொக்கிகள். கொக்கிகளில் வில்லைகள். தூசி ஒரு விரல் கனம். டார்ச் வெளிச்சத்தில் அவள் தேடினாள், 318 கண்ணில் பட்டது. அப்பாவின் எண், அம்மா தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற எண். அப்படியே பிடுங்கி, கட்டைவிரலால் தூசியைத் துடைத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். சர்வேயரும் டாக்டரும் அவளைத் தேற்றிவிட்டு, மிச்ச வில்லைகளை யாராவது திருடிக்கொண்டு போவதற்குள் காப்பாற்றிவிடலாம் என்று ஆளுக்கொரு பையில் வழித்துப் போட்டார்கள்.

'முதலில் படம், பிறகு கை' என்ற விதியை சர்வேயர் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

வில்லையைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தபோது அம்மா கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ கேட்டாள், தையல் டப்பாவில் போட்டு மூடினாள். அவ்வளவுதான். அந்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். இறக்கி வைத்த அப்பாவின் போட்டோ பீரோவுக்குள் போனது, திரும்ப வெளியே வரவில்லை. கேட்டால், "சுவரு புதுசா இருக்கு, கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் அம்மா. ஆணி மட்டும் சுவரில் நின்றது. அதில் காலண்டர் மாட்டக்கூட விடவில்லை. வாசலில் நின்று சத்தம் போடுவதும் நின்றுபோயிற்று. வயசாகிறது, கோபம் ஆறிவிட்டது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அரசாங்கம் சுரங்கத்தை அடியோடு மூட முடிவு செய்தது. வாசல் குழியில் கான்கிரீட் நிரப்பி, மேலே உள்ள கட்டடங்களை இடித்துத் தள்ளி, நிலத்தை மட்டப்படுத்துவது என்று உத்தரவு. குழு எழுதிய பதினாறு மனுக்களுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் வந்தது: பாதுகாப்புக் காரணங்கள். திங்கள்கிழமை இடிப்பு.

கெடு நெருங்குகிற நேரத்தில்தான் விளக்குக்காரர் கிடைத்தார். அந்தக் காலத்தில் விளக்கு அறையில் வேலை பார்த்தவர், தொண்ணூறைத் தாண்டியவர், இரண்டு ஊர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். வியாழக்கிழமை மூன்று பேரும் ஒலிப்பதிவுக் கருவியோடு போனார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காது மந்தம், நாக்கு கூர்மை. டாக்டர் தங்கள் குழு போட்ட சின்னப் புத்தகத்தைப் பெருமையோடு நீட்டினார். கிழவர் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு ஷிப்டுக்கு ரெண்டு பலகைன்னு போட்டிருக்கீங்க. எந்தப் புண்ணியவான் சொன்னது?"

சர்வேயர் எச்சில் விழுங்கினார். அவருடைய சொந்த ஊகம் அது.

"ஷிப்டும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இடது பக்கம் மேல் பலகை. வலது பக்கம் கீழ்ப் பலகை. உள்ள இறங்குறவன் வில்லையை இடதுலேர்ந்து எடுத்து என் கையில குடுப்பான், நான் வலதுல மாட்டிட்டு விளக்கைக் குடுப்பேன். ஏறி வந்து விளக்கைத் திருப்பிக் குடுத்தா, வில்லை மறுபடியும் இடதுக்குப் போகும். வலதுல வில்லை தொங்குனா ஆள் பூமிக்குள்ள இருக்கான்னு அர்த்தம். இது எங்க ஊர்ல பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

எக்ஸ்ரே கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்திக் கேட்டாள்: "தண்ணி வந்த அன்னைக்கு, ஐயா? அன்னைக்கும் மாத்தினீங்களா?"

"மேல வந்தவன் ஒருத்தன் விடாம மாத்தினேன். அழுதுக்கிட்டே மாத்தினேன். கடைசியில வலதுல கொஞ்சம் நின்னுபோச்சு. எண்ணலாம்னு கையைத் தூக்குறேன், ஆபீசுக்காரங்க வந்து என்னை வெளிய தள்ளிப் பூட்டிட்டாங்க. அப்புறம் ஏழு பேருன்னாங்க. ஏழா எட்டா, நான் எண்ணலையே. மூணு மாசத்துல கம்பெனியே மூட்டை கட்டிடுச்சு. பூட்டினது பூட்டினபடி கெடந்துச்சு."

"முந்நூத்திப் பதினெட்டு ஞாபகம் இருக்கா?"

"ஏம்மா, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மாத்துன கை. எதைன்னு ஞாபகம் வெக்கும்? நீங்கதான் போய்ப் பார்த்தீங்களே. படம் எடுத்திருப்பீங்களே. பலகைதான் சாட்சி. எந்தப் பலகையில தொங்குச்சு?"

சர்வேயர் குனிந்து ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினார்.

திரும்பி வரும்போது காரில் டாக்டர் ஓட்டுவதை நிறுத்தி, ஓரமாக வண்டியைப் போட்டார். "வலது பலகையில கொஞ்சம்தான் இருந்துச்சு எக்ஸ்ரேம்மா. ஒரு கை அளவு. மிச்சத்தைத் திருடன் கொண்டு போயிட்டான்னு நெனச்சேன். நான்தான் என் பையில வழிச்சுப் போட்டேன்."

"நான் எடுக்குறதுக்கு முன்னால எத்தனை, டாக்டர்? ஏழுன்னா அப்பாவுது அங்க இல்ல. எட்டுன்னா எட்டாவது அப்பாவுதுதான். எத்தனைன்னு சொல்லுங்க."

"ஒரு கை அளவும்மா." அவர் தன் கையை விரித்துப் பார்த்தார், ஏதோ அதில் எழுதியிருக்கிற மாதிரி. "எண்ணாம விட்டுட்டேன். நான் எண்ணலம்மா."

அவளும் தன் பங்குக்கு நினைவைக் குடைந்தாள். டார்ச் வட்டம், அதற்குள் 318, கட்டைவிரல். அதற்கு வெளியே ஒன்றும் இல்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. துக்கம் மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில், யாருடைய மார்புப் படத்தையோ விளக்குப் பெட்டியில் மாட்டும்போது அவளுக்குப் பொறி தட்டியது. நிழல்! முப்பத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் தொங்கிய வில்லைக்குப் பின்னால் மரத்தில் தூசியும் புகையும் படிந்திருக்காது. வில்லையின் அளவுக்கு ஒரு வெளிறிய வட்டம் இருக்கும். வலது பலகையில் 318-ம் கொக்கிக்குக் கீழே வட்டம் இருந்தால் அப்பா உள்ளே. நிழலைப் படிப்பதுதானே அவளுடைய பிழைப்பு. பிறருடைய நிழல்களை முப்பது வருஷம் படித்தவளுக்குச் சொந்த அப்பாவின் நிழல் கைகொடுக்காதா என்ன?

சனிக்கிழமைக்குக் கடைசி அனுமதி வாங்கினார் சர்வேயர், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வாசலில் மஞ்சள் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. விளக்கு அறைக் கதவில் இடிக்க வேண்டியதற்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. எக்ஸ்ரே எல்லோருக்கும் முன்னால் உள்ளே போனாள். டாக்டர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு அவளுக்கு முன்பே ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

பலகைகள் பளபளவென்று இருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரையான் வந்தது. சுரங்கமே போனாலும் பலகையைக் காப்பாற்றியே தீருவது என்று மூன்று பேரும் சபதம் போட்டார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு உப்புத்தாள், கடைசியில் மூன்று பூச்சு எண்ணெய். இடது பலகை டாக்டருக்கு. வலது பலகை அவளுக்கு. கரையானை விட வட்ட வட்டமான வெளிர்க் கறைகள்தான் அவளுக்கு எரிச்சல் மூட்டின. எண்ணெய் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியுமே என்று, அந்தக் கறைகளைத் தேடித் தேடி, உப்புத்தாளை மடித்து, மணிக்கட்டு வலிக்கத் தேய்த்தாள். ஒன்றுகூட விடவில்லை. நீ தேய்த்தது டாக்டர் தேய்த்ததை விடச் சுத்தம் என்று சர்வேயர் அன்றைக்குப் பாராட்டினார்.

அவள் விடவில்லை. டார்ச்சைப் பலகையோடு பலகையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தை மரத்தில் வைத்துப் பார்த்தாள். சர்வேயர் லென்ஸ் பிடித்தார். 318-ம் கொக்கிக்குக் கீழே மரம் வழவழவென்று இருந்தது. மற்ற எல்லாக் கொக்கிகளுக்குக் கீழேயும் அப்படியேதான். சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்த படங்கள் இல்லையா என்று சர்வேயரைக் கேட்டாள். இருந்தன, இரண்டே இரண்டு; வில்லை போன வெறும் பலகையை அதற்கு முன்னால் யாரும் படம் எடுக்கவில்லை. இரண்டிலும் பலகை மேல் ஈரச் சாக்குத் துணி தொங்கியது, முன்னால் மூன்று பேரும் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"திருடன் வந்திருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க மாட்டான்" என்றாள் அவள்.

டாக்டர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். பெரிய மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அவரைத் தேற்றுவதற்கு அவளுக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

பதினொன்றரைக்கு சர்வேயர் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தார். 318 என்ற வரியில் 'கிடைத்த இடம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. "நீங்களே எழுதுங்க" என்றார். "நீங்க எதை எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுறேன்." விதியை எழுதிய மனுஷரே இப்படிச் சொல்கிறாரே என்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். கீழ்ப் பலகை என்று எழுதினால் போதும். அப்பா எட்டாவது ஆளாக ஆகிவிடுவார். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பலகையே நாளை மறுநாள் இருக்காது. பேனாவை வைத்தாள், எடுத்தாள். எலும்பு முறிந்ததா இல்லையா என்று தெரியாத படத்துக்கு முறிந்திருக்கிறது என்று அவள் ஒரு நாளும் எழுதியதில்லை. 'தெரியவில்லை' என்று எழுதினாள்.

ஆனால் அம்மாவிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை என்று வீட்டுக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். பதிவேட்டுக்கு உண்மை, பெற்றவளுக்குப் பொய். எழுபத்தெட்டு வயது. காத்திருந்தது போதும். இந்தப் பொய்யால் யாருக்கு என்ன குடி முழுகிவிடும்?

அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "இடிச்சாச்சா?" என்றாள்.

"திங்கக்கிழமை. அம்மா, ஒண்ணு சொல்லணும்." பக்கத்தில் உட்கார்ந்து, மடித்த துணிகளை நகர்த்தி வைத்தாள். "விளக்கு அறையில வேலை பார்த்தவரைக் கண்டுபிடிச்சோம். வலது பலகைன்னா ஆள் உள்ளன்னு அர்த்தமாம்."

"அது எனக்குத் தெரியாதா? தண்ணி வந்த அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்த விளக்கு அறை ஜன்னல்ல தொத்திக்கிட்டு நின்னவ நான். கண்ணாடியில புகை, ஒண்ணும் தெரியல."

மகள் தொண்ணூறு வயதுக்காரரைத் தேடி ஊர் ஊராக அலைந்திருக்கிறாள், இந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனாலும் ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் என்று அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா வில்லை வலது பக்கம் தொங்குச்சும்மா. கீழ்ப் பலகையில. அவரு ஓடிப்போகல. உள்ளதான் இருக்காரு."

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாக இல்லை, மெதுவாக.

"அன்னைக்கு நீ இடது பக்கம்னியே."

"என்னைக்கு?"

"வில்லையைக் கொண்டு வந்த அன்னைக்கு. நீ கை கழுவிக்கிட்டிருந்தே. எந்தப் பக்கம் தொங்குச்சுன்னு கேட்டேன். இடது பக்கம்மான்னு சொன்னே, ஓரமா இருந்துச்சுன்னே. சோப்பு எங்கேன்னு கேட்டே." அம்மா ஒரு துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அப்ப மேல வந்துட்டுத்தான் போயிருக்கான்னு புரிஞ்சுக்கிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் அவனுக்காக ஊரோட சண்டை போட்டிருக்கேன். ஊரு சொன்னதுதான் நெசம்னு ஆயிப்போச்சு. உங்கிட்ட என்னத்தச் சொல்றது? நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

மகள் நினைவுபடுத்திப் பார்த்தாள். குழாய்த் தண்ணீர், கறுப்பாக ஓடிய தூசி. அம்மா ஏதோ கேட்டது. தான் ஏதோ சொன்னது. பார்த்ததைச் சொன்னாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா? அறைக்குள் நுழைகிறவருக்கு இடதா, உள்ளே நின்று வாசலைப் பார்க்கிறவருக்கு இடதா? அந்த நினைவும் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இப்ப வலதுங்கிற. அன்னைக்கு இடதுன்னே. எதுடி நெசம்?"

"தெரியலம்மா" என்றாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. "எனக்குத் தெரியல. பார்க்கல. இனிமே பார்க்கவும் முடியாது. நானே எல்லாத்தையும் தேய்ச்சுட்டேன்."

அம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவரில் இருந்த அந்த ஆணியைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து போட்டோவை எடுத்து வந்தாள். பதினொரு வருஷத்தில் கண்ணாடி மங்கியிருந்தது. முந்தானையால் துடைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, துடைக்காமல் நிறுத்திக்கொண்டாள். போட்டோவை இரண்டு கையாலும் பிடித்தபடி நடுக்கூடத்தில் நின்றாள்.

"இதை மாட்டுறதா, உள்ளயே வெக்கிறதா?" என்று கேட்டாள். "அதை மட்டும் சொல்லு."